துரையின் சைக்கிளுக்குப் பின்னால்

இந்த மனிதரின் நல்ல குணம்தான் தன் வேலைக்கு உலை வைக்கப்போகிறது என்று பெரியநாயகத்துக்கு முதல் நாளே லேசாகப் பொறி தட்டியது. விமான நிலையத்தில் பெட்டிகளை வாங்கி டிக்கியில் ஏற்றிவிட்டு, இன்னோவாவின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றார். ஜப்பான்காரர், கொரியாக்காரர், ஜெர்மன்காரர் என்று பலருக்குக் கதவு திறந்து பழகிய கை. மார்ட்டன் துரை அந்தக் கதவை மெதுவாகச் சாத்தினார். முன் கதவைத் தானே திறந்து, டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நான் என்ன மூட்டையா, பின்னால் போட்டுக்கொண்டு போக?" என்று இங்கிலீஷில் கேட்டுச் சிரித்தார்.

பெரியநாயகமும் சிரித்தார். சிரிக்கத்தானே வேண்டும்.

மார்ட்டன் நெதர்லாந்துக்காரர். லாரிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்குத் தலைவராக வந்திருந்தார். படப்பையைத் தாண்டி, காம்பவுண்டுக்குள் புல்வெளி வளர்த்த வில்லாக்களில் ஒன்று அவருக்கு வீடு. மறுநாள் காலை கார் கம்பெனிக்குள் நுழைந்தபோது, வாசல் செக்யூரிட்டி ரத்தினம் விறைப்பாக நின்று, பழக்கதோஷத்தில் பின் சீட்டைப் பார்த்து சல்யூட் அடித்தார். பின் சீட்டில் துரையின் லேப்டாப் பை மட்டும் இருந்தது. அது சல்யூட்டை ஏற்றுக்கொண்டு உள்ளே போனது.

மதியம் ஹோட்டலில் துரை பெரியநாயகத்தைத் தன் மேஜையிலேயே உட்கார வைத்தார். சர்வர் ஒருவரையும், மேனேஜர்கள் நான்கு பேரையும் எதிரில் வைத்துக்கொண்டு பிரியாணி சாப்பிடுவது எத்தனை சிரமம் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அரை வயிற்றோடு எழுந்துவந்து காருக்குள் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றார். துரைக்கு அன்று சமத்துவம் நிலைநாட்டிய திருப்தி.

அடுத்த வாரம் துரை சைக்கிள் வாங்கினார்.

"எங்கள் ஊரில் மந்திரியே ஆபீசுக்கு சைக்கிளில்தான் வருவார். பேங்க் முதலாளியும் அந்த பேங்க்கைப் பெருக்குகிறவரும் ஒரே சிக்னலில் காலை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். யார் யார் என்று உனக்குத் தெரியாது, நாயகம்."

பெரியநாயகத்துக்கு அது பயங்கரமான ஊராகத் தோன்றியது. இங்கே சிக்னலில் நிற்கிற ஆளின் வண்டியைப் பார்த்தால் சம்பளம், சாதி தவிர மற்றதெல்லாம் தெரிந்துவிடும்; கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். பிளஸ் ஒன் படிக்கும்போது சர்க்கார் இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. வேலைக்குப் போய்த் தவணையில் பைக் எடுக்கிற வரைக்கும் அதை ஓட்டலாம். அதற்குமேலும் ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தால் அவன் வாழ்க்கையில் எங்கேயோ பஞ்சர் என்று அர்த்தம்.

"நான் சைக்கிளில் போவதால் உனக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று துரை கேட்டார்.

"நோ ப்ராப்ளம் சார்."

துரையின் ஊரில், கேள்வி கேட்பது பதிலைத் தெரிந்துகொள்ள. நம் பக்கத்தில் மேலே இருக்கிறவர் "உனக்குக் கஷ்டமா?" என்று கேட்டால், இல்லை என்று கேட்க ஆசைப்படுகிறார் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம், சனிக்கிழமை சென்னை என்று கிடைக்கிற ஓ.டி. போய்விடும், நர்சிங் படிக்கிற மகளின் பீஸ் அந்த ஓ.டி.யில்தான் ஓடுகிறது என்பதையெல்லாம் பெரியநாயகம் அந்த இரண்டு வார்த்தைக்குள் மடித்து வைத்துவிட்டார்.

சைக்கிளின் முதல் நாள் மழை. கோட்டும் குல்லாவுமாக நனைந்துகொண்டு வந்த உருவத்தை ரத்தினம் கையை நீட்டித் தடுத்தார்.

"யோவ், எங்க வர்றே? சைக்கிள்லாம் பின்னாடி கேட்டு. காண்ட்ராக்ட் ஆளுங்க போற வழி அதான், தெரியாது?"

துரைக்கு வார்த்தை புரியவில்லை, கை காட்டிய திசை புரிந்தது. சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டு பின் வாசலுக்குப் போனார். கொஞ்சம் கழித்து, காரில் லேப்டாப்பையும் துரையின் மாற்றுச் சட்டையையும் கொண்டுவந்த பெரியநாயகம்தான் விஷயத்தைச் சொன்னார். ரத்தினத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

எச்.ஆர். தலைவர் திருமலைக்கும் இறங்கவில்லை. அவர் பெரியநாயகத்தைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார். திருமலை கதவைச் சாத்தினால் யாருக்காவது வேலை போகும் அல்லது யாராவது பொய் சொல்ல வேண்டிவரும்.

"பாரு நாயகம், இது வண்டலூர்–வாலாஜாபாத் ரோடு. அவர் ஊர் கால்வாய்க்கரை இல்ல. அவருக்கு ஒண்ணுன்னா ஆம்ஸ்டர்டாமுக்கு நான்தான் பதில் சொல்லணும். நீ காரை எடுத்துக்கிட்டு பின்னாலயே போ."

"பின்னால வராதன்னு சொல்லிட்டாரு சார். அவுங்க ஊர்ல பந்தயத்துலதான் அப்டி வருவாங்களாம்."

"சொல்லுவார். தெரியாம போ."

"சைக்கிளுக்குப் பின்னால கார் எப்டி சார் தெரியாம போவும்?"

"அதுக்குத்தானய்யா டிரைவர்னு ஒருத்தனை வெச்சிருக்கோம்!"

அப்படித்தான் அது ஆரம்பித்தது. தினமும் காலையில் துரை வில்லாவிலிருந்து கிளம்புவார். பெரியநாயகம் கொஞ்சம் தள்ளி, ஒரு தண்ணீர் லாரி மறைவிலிருந்து காரை எடுப்பார். துரை மிதிக்கிற வேகத்துக்கு, இரண்டாவது கியரில், மஞ்சள் விளக்குகள் நான்கும் மினுக்மினுக்கென்று எரிய, கார் ஊர்ந்துகொண்டே போகும். பின்னால் வருகிற கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் அந்தக் காருக்குப் பின்னால் தேங்கி, திட்டி, வலது பக்கம் ஒதுங்கித் தாண்டும். தாண்டுகிற வேகத்தில் முன்னால் போகிற சைக்கிளையும் சேர்த்து அகலமாக விட்டுவிட்டுப் போகும். துரை திரும்பிப் பார்த்தால் பெரியநாயகம் சட்டென்று ஏதாவது பஸ்ஸுக்குப் பின்னால் பதுங்குவார். அத்தனை பெரிய காரை ஒளித்து ஒளித்து ஓட்டியதில் அவருக்குக் கழுத்து வலி வந்துவிட்டது.

துரைக்குக் கிடைத்தது காலியான சாலை. பெரியநாயகத்துக்குக் கிடைத்தது வசவு.

"இன்னாய்யா, காரா மாட்டு வண்டியா அது? ஓரங்கட்டு!"

"தூங்கினு ஓட்றியா? வூட்ல சொல்ட்டு வந்தியா?"

ஒரு ஜல்லி லாரி கிளீனர் ஒருநாள் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு, "இன்னா பெருசு, சாவு ஊர்கோலமா? பொணம் எங்க, முன்னால சைக்கிள்ல போவுதா?" என்று கத்திவிட்டுப் போனான்.

மற்ற வசவுகளுக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொள்கிற பெரியநாயகம் அன்று ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய அண்ணன் சவரிமுத்து இதே ரோட்டில்தான் போனார். ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம். ஒரகடத்தில் புதிதாக வரும் கம்பெனி ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டு, மணிமங்கலத்துக்கு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் வந்தது ஒரு ஜல்லி லாரி. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹேண்டில்பார்கூடக் கோணவில்லை. ஸ்டேஷனிலிருந்து அதை மீட்டுவந்து சுவரில் சாத்தி வைத்தபோது, மணியை அடித்தால் அடித்தது. அதைத்தான் பெரியநாயகத்தால் தாங்க முடியவில்லை. அப்புறம் அவர் எந்த சைக்கிளையும் தொடவில்லை. அந்த வருஷமே டிரைவிங் கற்றுக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, ஏ.சி. காரில் ஏறினார். நாயகம் முன்னேறிவிட்டான் என்று ஊர் சொன்னது. உண்மையில் அவர் பயந்துபோய் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். முன்னேற்றம் என்று சொல்லப்படுவதில் பாதி இப்படித்தான்.

ஆகவே துரைக்குப் பின்னால் ஊர்வது திருமலைக்குப் பயந்து மட்டும் செய்த வேலையல்ல. துரையின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனார் பெரியநாயகம். மஞ்சள் ஹெல்மெட், வியர்வையில் ஒட்டிய பனியன். அண்ணனுக்குப் பின்னால் அன்றைக்கு இப்படி ஒரு கார் ஊர்ந்திருந்தால் போதும். அவ்வளவுதான் தேவையாக இருந்தது. ஒரு கார், இரண்டாவது கியர்.

துரைக்கோ நாளுக்கு நாள் இந்தியாவைப் பிடித்துப்போயிற்று.

"உங்கள் லாரி டிரைவர்களைப் பற்றி எல்லாரும் அநியாயமாகப் பேசுகிறார்கள், நாயகம். என்னைப் பார்த்தால் எத்தனை தூரம் ஒதுங்கிப் போகிறார்கள்! எங்கள் ஊரில்கூட இந்த மரியாதை கிடையாது."

"யெஸ் சார்."

"நீயும் ஒருநாள் என்னோடு வா. எங்கள் ஊரில் சிநேகிதர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓட்டுவார்கள். பேசிக்கொண்டே போவார்கள்."

"நீ பெயின் சார்," என்று முழங்காலைத் தடவிக் காட்டினார் பெரியநாயகம்.

சிநேகிதர் என்று சொன்னது மட்டும் அன்று முழுக்க அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மனைவி ஜெபமணியிடம் சொன்னார். ஜெபமணி, "அந்தச் சிநேகிதரு ஓ.டி. போட்டுக் குட்ப்பாரா?" என்று கேட்டாள்.

இதற்கிடையில் கம்பெனியில் சைக்கிள் காய்ச்சல் பரவியது. தலைவர் இருமினால் இருமுகிற மேனேஜர்கள், தலைவர் மிதித்தால் மிதிக்க மாட்டார்களா? திருமலை ஒரு மோட்டார் பைக் விலைக்கு சைக்கிள் வாங்கினார். அதைக் கார் முதுகில் கட்டி, தாம்பரத்திலிருந்து கொண்டுவந்து, கம்பெனிக்கு முந்தின திருப்பத்தில் இறக்கி, கையுறை மாட்டி, கடைசி ஒரு பர்லாங்கை மிதித்து உள்ளே வருவார். வாசலில் இறங்கியதும், இன்னும் சுரக்காத வியர்வையைத் துடைத்துக்கொள்வார். முன் வாசலில் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தம் எழும்பியது. நிஜமாகவே சைக்கிளில் வருகிற காண்ட்ராக்ட் ஆட்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் பின் கேட்டுக்குப் போனார்கள்.

வருஷம் திரும்பியதும் துரை தலைமையகத்தோடு வீடியோவில் பேசினார். இந்தியாவில் ஒரு வருஷம் சைக்கிள் ஓட்டினேன், ஒரு கீறல்கூட இல்லை, இந்தச் சாலைகளைப் பற்றிய பயம் வெறும் கட்டுக்கதை, எனக்குக் காரே தேவையில்லை என்றார். அங்கே கைதட்டினார்கள். இங்கே திருமலையும் கைதட்டினார். அந்தக் கைதட்டலில் இன்னோவா போயிற்று, டிரைவரும் போனார்.

செய்தியைச் சொன்ன திருமலை, மறுபடியும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.

"நீ பின்னால போனது வெளிய தெரியக் கூடாது, புரியுதா? ஒரு வருஷம் ஏமாத்தினோம்னு ஆயிடும். வாயை மூடிக்கிட்டு இரு. வேற வண்டியில உன்னைப் போட்டு வைக்கிறது என் பொறுப்பு."

வீட்டில் ஜெபமணி சோற்றுக் கரண்டியோடு நின்றாள்.

"ஒரு வருசமா அந்தாளு உசுர நீங்க கையில புடிச்சிகினு போயிருக்கீங்க. அத வாயத் தெறந்து சொன்னா இன்னா?"

"சொன்னா திருமலை சார் மாட்டுவாரு."

"மாட்டட்டுமே! அவரு இன்னா உங்களுக்கு மாமனா மச்சானா?"

"அவரு மாட்டிகினா, வேற வண்டில போடறேன்னது இன்னா ஆவும்?"

மகள் பெனிஷா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, அவுங்க ஊர்ல நேராக் கேட்டா நேராச் சொல்லணும்பா. அவரு தப்பா எடுத்துக்க மாட்டாரு."

"அவரு எடுத்துக்க மாட்டாரும்மா. அவரச் சுத்தி கீறவங்க எடுத்துக்குவாங்களே."

ஆனாலும் சொல்லிவிடலாம் என்றுதான் மறுநாள் போனார். துரையின் அறையில் சோபாவில் உட்கார வைக்கப்பட்டார். எதிரில் திருமலை, கையில் பேனா.

"நாயகம், கார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்," என்றார் துரை. "அதனால் உனக்குப் பிரச்சினையா? மனசில் இருப்பதை அப்படியே சொல். பிரச்சினை என்றால் நாம் பேசி வேறு வழி கண்டுபிடிப்போம்."

அவர் நிஜமாகவே கேட்டார். கேட்டுவிட்டு, அவர் ஊர்க்காரர்களுக்கே உரிய பொறுமையோடு, கண்ணைப் பார்த்தபடி காத்திருந்தார். பெரியநாயகத்துக்கு வாழ்க்கையில் யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. நீல நிறக் கண்கள். பொய் இல்லை அதில். அதுதான் பயமாக இருந்தது.

"சார்... ரோட்டுல லாரி..." என்று தொடங்கினார்.

திருமலை பேனா மூடியைத் திறந்து மூடினார்.

"லாரி!" துரை சிரித்துவிட்டார். "நீயுமா? ஒரு வருஷம் ஆயிற்று, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

பெரியநாயகம் அவரையே பார்த்தார். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதானய்யா என் வேலை. தமிழில் தொண்டை வரைக்கும் வந்தது. இங்கிலீஷில் அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அந்தப் பேனா திறந்து மூடிக்கொண்டே இருந்தது.

"நோ ப்ராப்ளம் சார்."

துரை எழுந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டார்.

வழியனுப்பு விழாவில் பெரியநாயகத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். சிவப்பு ரிப்பன் கட்டிய, கியர் வைத்த ஒரு சைக்கிள். துரை தன் கையால் வாங்கியது. திருமலை போட்டோ எடுத்து, 'நான்கு சக்கரத்திலிருந்து இரண்டு சக்கரத்துக்கு: ஒரு டிரைவரின் பசுமைப் பயணம்' என்று கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டார். எண்ணூறு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

பெரியநாயகம் அதை ஓட்டவில்லை; மணிமங்கலம் வரைக்கும் ஒரு குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அண்ணன் சைக்கிள் சாத்தியிருந்த அதே சுவரில் சாத்தி வைத்தார். ஜெபமணி இரண்டு நாள் அதைப் பார்த்து முறைத்துவிட்டு, மூன்றாம் நாள் தலையணை உறைகளை அதன்மேல் காயப் போட்டாள்.

வேறு வண்டி வரவில்லை. திருமலையின் போன் முதலில் "பாக்கலாம்" என்றது. அப்புறம் "மீட்டிங்ல இருக்கேன்" என்றது. அப்புறம் வெறுமனே மணி மட்டும் அடித்தது. டிராவல்ஸ்காரர்கள் வயதைக் கேட்டார்கள், மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார்கள், சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். கடைசியில் ஒரகடத்தில் ஒரு குடோனில் அட்டைப்பெட்டி கட்டுகிற வேலை கிடைத்தது. காண்ட்ராக்ட். கம்பெனி பஸ் பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். வீட்டில் இருந்த ஒரே ஸ்கூட்டரில் பெனிஷா காலேஜ் போகிறாள்.

ஒருநாள் காலையில் தலையணை உறைகளை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, பெரியநாயகம் சைக்கிளை வெளியே தள்ளினார். ஜெபமணி வாசல் வரைக்கும் வந்தாள். அவர் தெருமுனை திரும்புகிறவரைக்கும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டே நின்றாள்.

டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது: "இன்னா நாயகம், துரை கார எடுத்துக்கினு சைக்கிள உங்கையில குட்த்துட்டாரா?" கடையே சிரித்தது. அதே சைக்கிளைத் திருமலை மிதித்தால் ஆரோக்கியம். பெரியநாயகம் மிதித்தால், பாவம்.

மெயின் ரோட்டில் ஏறினார். பின்னால் ஒவ்வொரு ஹாரன் கேட்கும்போதும் மண்ணில் இறங்கி நின்றார். குடோனுக்கு லேட். லேட் என்றால் அரை நாள் கட். மூன்றாவது தடவை லேட் என்றால் வரவேண்டாம் என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டாவது நாளும் லேட். மூன்றாம் நாள் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிட்டார். அன்று பயத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு மிதித்தார்.

படப்பையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், முன்னால் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது.

துரையின் சைக்கிள் இப்போது பழைய மாதிரி நேராகப் போகவில்லை. ஒரு கன்டெய்னர் உரசுகிற மாதிரி தாண்டியது. சைக்கிள் ஆடி, மண்ணில் இறங்கி, மறுபடி தாரில் ஏறியது. அடுத்து ஒரு டிப்பர். மறுபடி ஆட்டம். பெரியநாயகத்தின் கால் தன்னிஷ்டத்துக்கு வேகம் பிடித்தது. எட்டிப் பிடித்துவிட்டார்.

"நாயகம்!" துரையின் முகம் மலர்ந்தது. சைக்கிளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி சைக்கிளைப் பார்த்தார். "ஓட்டுகிறாயே! முழங்கால்?"

"குட் சார்."

"புது வேலையா? எங்கே?"

"இங்கதான் சார். ஒரகடம்."

"பிரமாதம்!" என்றவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஆனால் ஒன்று கவனித்தாயா? இந்த லாரிகளுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. முன்பெல்லாம் எவ்வளவு மரியாதையாகப் போவார்கள். இப்போது கொஞ்ச நாளாக..." வார்த்தையை முடிக்கவில்லை. ஒரு பஸ் காதோடு ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்த நீலக் கண்களில் பெரியநாயகம் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தார்.

இப்போது சொல்லலாம். பேனா வைத்திருப்பவர் யாரும் பக்கத்தில் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? கார் வேறு யாருக்கோ ஓடுகிறது.

பெரியநாயகம் மிதிப்பதைக் கொஞ்சம் தளர்த்தி, துரையின் பின்பக்கமாக வந்து, வலது பக்கம் ஏறினார். லாரிகளுக்கும் துரைக்கும் நடுவில்.

"ஆ!" துரை குழந்தைபோலச் சிரித்தார். "பக்கத்தில் பக்கத்தில்! எங்கள் ஊர் மாதிரியே!"

துரை பேசிக்கொண்டே வந்தார். அம்மாவுக்கு எண்பது வயசு, இன்னும் சைக்கிளில்தான் மார்க்கெட் போகிறாள் என்றார். பெரியநாயகம் 'யெஸ் சார்' சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வண்டி தாண்டும்போதும் காற்று வந்து அவர் சட்டையைப் பிடித்து ரோட்டுக்குள் இழுத்தது. ஹேண்டில்பாரை அசையவிடாமல் பிடித்துக்கொண்டார். துரையின் சைக்கிள் மட்டும் மறுபடியும் நேராகப் போக ஆரம்பித்திருந்தது.

இடது பக்கம் குடோனுக்குத் திரும்புகிற சாலை வந்தது. வாசலில் மேஸ்திரி வெற்றிலையை மென்றுகொண்டு, சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. லேட்டாக இன்னும் ஐந்து நிமிஷம்தான். துரையின் கம்பெனி இன்னும் கொஞ்ச தூரம். நடுவில் பெரிய ஜங்ஷன். லாரிகள் நான்கு பக்கமிருந்தும் வந்து விழுகிற இடம்.

பெரியநாயகத்தின் கண் போன பக்கம் துரை கை காட்டினார். "உன் வேலை அந்தப் பக்கமா? அப்படியென்றால் போ, எனக்காக வராதே. லேட்டானால் பிரச்சினை ஆகுமா?"

பின்னால் ஒரு ஜல்லி லாரி ஹாரன் அடித்தது. பெரியநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. குடோன் பக்கம் திரும்பவும் இல்லை.

"நோ ப்ராப்ளம் சார்," என்றார்.